கண்ணுக்குள் வாயு இருக்கும்போது விமானம் ஏறலாமா?

மொரீஷியஸின் கியூர்ப்பிப்பிலிருந்து ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கிறார். வயது 54. சர்க்கரை வந்து 18 வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து நான்கு வருடம். கோவிடுக்கு முன்பு கண்ணைக் காட்டியதுதான் கடைசி. போன மாதம் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் "மை கொட்டியது போல" கறுப்பாக ஏதோ இறங்கியிருக்கிறது. மூன்றே நாளில் கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஸ்கேன் எடுத்ததில் உள்ளே ரத்தக் கசிவு; அதற்குப் பின்னால் ஜவ்வு வளர்ந்து விழித்திரையை இழுத்து, பார்வையின் நடுப்புள்ளியான மேக்குலாவையும் தூக்கியிருக்கிறது. சில வாரங்களுக்குள் அறுவை செய்ய வேண்டும், சிலிகான் எண்ணெய் வைக்க நேரலாம் என்று இங்குள்ள விழித்திரை நிபுணர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கண்ணுக்குள் எண்ணெய் ஊற்றினால் பார்வை அடியோடு போய்விடும் என்கிறார் அக்கா. சென்னைக்கு வந்தால் ஒரே வாரத்தில் முடித்து அனுப்பிவிடலாம் என்கிறார் மைத்துனர். இவருக்கோ, லேசரிலேயே சரிசெய்ய முடியாதா, மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.4 இருக்கிறதே, அதை 7-க்குக் கொண்டுவந்த பிறகு செய்துகொண்டால் என்ன என்று யோசனை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் கடிதம் இரண்டு பக்கம். வலது கண்ணுக்கு அதில் ஒரே வரி: "வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது, லேசர் போடச் சொல்கிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கவலைப்படும் கண்ணை முதலில் பார்த்துவிடுவோம்.

லேசர் மட்டும் போதாதா?

போதாது. காரணத்தைச் சொல்கிறேன்.

நாள்பட்ட சர்க்கரையில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் கிடைக்காத பகுதி ஒரு வேதிப்பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. வருகிற குழாய்கள் பலவீனமானவை. கண்ணின் பின்னறையை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழைப் பந்தலாக்கிக்கொண்டு கொடி மாதிரி அதன்மேல் படர்கின்றன. அவை கசிந்தால் நீங்கள் பார்த்த மைக் கறுப்பு. அப்புறம் அவற்றோடு தழும்பு ஜவ்வும் சேர்ந்து வளர்கிறது. நாளாக ஆகச் சுருங்குகிறது. பந்தலை யாரோ மேலே இழுத்தால் கொடி வேரோடு மண்ணையும் தூக்குமல்லவா? உங்கள் இடது கண்ணில் விழித்திரை அப்படித்தான் கூடாரம் போல எழும்பி நிற்கிறது.

லேசர் செய்வது பட்டினி கிடக்கும் பகுதியைச் சுட்டு, அந்த வேதிப்பொருளைக் குறைப்பது. கொடி படராமல் தடுக்க அது அருமையான வைத்தியம். இழுத்துக்கொண்டிருக்கும் ஜவ்வை அதனால் அறுக்க முடியாது. ஜவ்வு தடித்துப் போன கண்ணில் நிறைய லேசர் போட்டால் இழுப்பு கூடிவிடுவதும் உண்டு.

உங்கள் நிபுணர் "சில வாரங்கள்" என்றதற்கும் கணக்கு இருக்கிறது. இதுவரை இழுப்பு மட்டும்தான், ஓட்டை விழவில்லை. ஓட்டை விழுந்தால் திரவம் அதன் வழியே அடியில் புகுந்து, சில நாட்களிலேயே விழித்திரை முழுவதும் கழன்றுவிடலாம். உங்கள் கண்ணில் இப்போது இருக்கும் பார்வைக்கு அந்த மாற்றம் உங்களுக்கே தெரியாமல் போகலாம். அதனால் தேதி தள்ளிப்போனால் இடையில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை 7-க்கு வரட்டும் என்று காத்திருப்பது இந்தக் கண்ணுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அது மூன்று மாதச் சராசரி. இறங்குவதற்கும் மூன்று மாதம் ஆகும். அத்தனை நாள் மேக்குலா தூக்கிக்கொண்டு நின்றால் அங்குள்ள பார்வைச் செல்கள் வாடிப்போகும். அறுவை நாளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றனவா, சிறுநீரகமும் இதயமும் தாங்குமா என்பதைத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, பயத்தில் பட்டினி கிடந்து சர்க்கரையைத் தடாலென்று இறக்காதீர்கள். வெகுவேகமாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடுவதைப் பார்த்திருக்கிறோம். படிப்படியாக இறங்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதை உங்கள் இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

"கண்ணைத் தோண்டி எடுத்துத் திரும்ப வைப்பார்களாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, ஐயா. கண் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விட்ரியஸை உள்ளேயே வெட்டி எடுக்கும் இந்த அறுவையை 1970-ல் மயாமியில் ராபர்ட் மாக்கமெர் தொடங்கிவைத்தார். அன்றைய கருவி நுழைய ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டியிருந்தது, தையலும் போட வேண்டும். இன்றைய கருவியின் தடிமன் அரை மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதும் உண்டு. கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி மூன்று சின்னத் துளைகள். விழித்திரை அந்த இடத்தில் தொடங்கியிருக்காது, அதனால்தான் அங்கே. ஒரு துளையில் கண் சுருங்காமலிருக்கத் திரவக் குழாய், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டும் கருவி. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை வெட்டும். வேகம் கூடக்கூட, கூழைக் கடிக்கும்போது விழித்திரைக்குப் போகும் இழுப்பு குறையும்.

பெரும்பாலும் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் நடக்கும். விழித்திருப்பீர்கள். முகத்தில் துணி, காதில் இயந்திரத்தின் கிர்ர் சத்தம். சிலருக்கு உள்ளே நிழல்போலக் கருவிகள் நகர்வதுகூடத் தெரியும், பயப்பட வேண்டாம். இருமல் வந்தால், மூச்சு முட்டினால், இருமுவதற்கு முன்பே வாயால் சொல்லுங்கள்.

முதலில் ரத்தம் கலந்த கூழை எடுத்து, முன்னும் பின்னுமான இழுப்பை அறுப்பார்கள். பந்தலைப் பிரிப்பது அது. பிறகுதான் ஜவ்வு. நனைந்த தினசரித் தாளில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் தாளும் கிழிந்து கையோடு வரும். எனவே இழுப்பதில்லை. டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாகக் கத்தரித்துத் தீவு தீவாக்கி, ஒவ்வொரு தீவின் அடியிலும் கத்தரியைப் படுக்கவாக்கில் நுழைத்து, ஒட்டுக்காலை ஒவ்வொன்றாக நறுக்கி விடுவிப்பது. கடினமான கண்ணில் நாலாவது துளை போட்டு விளக்கை அங்கே பொருத்திவிட்டு, ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் கத்தரி என்று இரண்டு கையாலும் வேலை செய்வார்கள். ரத்தம் கசிந்தால் உள்ளே திரவ அழுத்தத்தைச் சிறிது நேரம் கூட்டி நிறுத்துவது, நிற்காவிட்டால் சூடு வைப்பது. எங்கோ ஒரு தீவு ரொம்பக் கெட்டியாக ஒட்டியிருந்தால், சுற்றியுள்ள இழுப்பை விடுவித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு துணுக்கு விடாமல் உரித்தே தீருவேன் என்று நிற்பவரின் கையில்தான் நான் அதிகம் கிழிசல் பார்த்திருக்கிறேன். கடைசியில் உள்ளிருந்தே லேசர். ஓட்டை ஏதாவது விழுந்திருந்தால் அதைச் சுற்றிலும், மற்றபடி ரத்தமில்லாத பகுதி முழுவதும்.

ரத்தக் கசிவைக் குறைக்க, அறுவைக்குச் சில நாள் முன்பு கண்ணுக்குள் பெவாசிசுமாப் என்ற ஊசி போடுவதுண்டு. நல்ல உத்திதான். ஆனால் ஊசிக்குப் பிறகு குழாய்கள் வாடும்போது ஜவ்வு மேலும் இறுகலாம், இழுப்பு கூடலாம். அதனால் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும். ஊசியை இங்கே போட்டுக்கொண்டு, டிக்கெட் கிடைத்ததும் சென்னையில் அறுவை என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

எண்ணெயா, வாயுவா?

உங்கள் அக்கா பயப்படுவது சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ என்று நினைத்து. இது தெளிந்த சிலிகான் திரவம். 1960-களிலிருந்து கண்ணில் பயன்படுகிறது. விழித்திரை மறுபடி ஒட்டி நிலைக்கும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் முட்டு அது. வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்தில் இன்னொரு சிறிய அறுவையில் எடுத்துவிடுவார்கள். அது இருக்கும்வரை கண்ணின் பவர் மாறிப் பார்வை மங்கலாகவே இருக்கும். "எண்ணெய் வைத்ததும் பார்வை போச்சு" என்று ஊரில் சொல்வது பாதி இதைத்தான். மீதிப் பாதி உண்மை: கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம், நெடுநாள் விட்டால் எண்ணெய் நுண்துளிகளாக உடையலாம். எடுக்கும் தேதியை மறக்கக் கூடாது என்பது அதனால்தான்.

வாயு வைத்தால் எடுக்க வேண்டிய வேலை இல்லை, தானாகக் கரையும். எஸ்எஃப்6 என்ற வாயு ஏறத்தாழ இரண்டு வாரம், சி3எஃப்8 ஆறிலிருந்து எட்டு வாரம் இருக்கும். வெறும் காற்று என்றால் ஒரு வாரத்துக்குள். எந்த நிலையில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும், குப்புறப் படுக்க வேண்டுமா என்பதைச் சர்ஜன் சொல்வார். மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது.

உங்கள் மைத்துனரின் "ஒரே வார" யோசனை இடறும் இடம் இங்கேதான். பறக்கும் விமானத்தின் அறைக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல இருக்காது. 2,400 மீட்டர் மலை உச்சி அளவுக்குக்கூடக் குறையலாம். அப்போது கண்ணுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பெருக்க அங்கே இடம் ஏது? கண் அழுத்தம் எகிறி, விழித்திரைக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். கடுமையான வலி, உள்ள பார்வையும் போவது, எல்லாம் இந்தியப் பெருங்கடலுக்கு நடுவில். கரையும்வரை வேறு எந்த ஆபரேஷன் என்றாலும், பல் மருத்துவரிடம் போனாலும், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் குமிழை இதே மாதிரி ஊதிவிடும்.

குமிழ் இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கொத்தனாரின் ரசமட்டத்தில் தெரிவது போல ஒரு கோடு பார்வையின் குறுக்கே ஆடும். நாளாக ஆகக் கோடு கீழே இறங்கும், பிறகு சின்ன உருண்டையாகும், ஒரு நாள் காலையில் காணாமல் போயிருக்கும். அதன்பிறகும் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் விமானம். எண்ணெய்க்கு இந்தப் பெருக்கம் கிடையாது.

ஒரு சின்ன விஷயம், கியூர்ப்பிப்காரர் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். கீழே போர்ட் லூயியில் வாயு நிரப்பிக்கொண்டு மேலே ஏறினால் குமிழ் ஆறு ஏழு சதவீதம் பெருக்கும். பெரும்பாலான கண் தாங்கிவிடும். இருந்தாலும் முதல் சில நாள் கீழே உறவினர் வீட்டில் தங்க முடியுமானால் நல்லது என்பது என் அபிப்பிராயம். சர்ஜனிடம் உங்கள் வீடு எங்கே என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

சென்னையா, இங்கேயா?

என் கடைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைக்க மாட்டீர்கள். நான் கத்தியைக் கீழே வைத்து ஆறு வருடமாகிறது. நான் மதுரையில் படித்தவன், தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளின் கைத்திறன் எனக்குத் தெரியும். ஒரு நாளில் அங்கே பார்க்கும் கண்கள் இந்தத் தீவில் ஒரு மாதத்துக்கு இருக்கும். மைத்துனர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இந்த அறுவை ஒரு நாள் காரியம் அல்ல. மறுநாள் கண் அழுத்தம் பார்க்க வேண்டும், ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் பார்க்க வேண்டும். முதல் சில வாரத்தில் மறுபடி ரத்தம் கசிவது சர்க்கரைக் கண்ணில் சகஜம். கண்ணின் முன்பகுதியில் புதுக் குழாய் முளைத்து வலியோடு அழுத்தம் கூடும் ஒரு வகை குளுக்கோமாவும் வரலாம். இவற்றையெல்லாம் அறுவை செய்தவரே பார்ப்பது பெரிய வசதி. எண்ணெய் வைத்தால் எடுக்க மறுபடி பயணம்.

ஆகவே இங்குள்ள நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: சர்க்கரையால் விழித்திரை இழுபட்டுப் பிரிவதற்கான அறுவையை வழக்கமாகச் செய்கிறீர்களா? என் கண் எவ்வளவு கடினம்? எதை வைத்து மூடுவீர்கள், எப்போது எடுப்பீர்கள்? இப்படிக் கேட்டால் மனம் கோணுபவரிடம் கண்ணைக் கொடுக்க வேண்டாம். நிதானமாகப் பதில் சொல்கிறார், வழக்கமாகச் செய்பவர் என்றால், இங்கேயே செய்துகொள்ளுங்கள். "என்னால் ஆகாது, வெளிநாடு போங்கள்" என்று அவரே சொன்னால் தயங்காமல் போங்கள். இங்கே செய்ய முடியாத சிகிச்சைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, சுகாதார அமைச்சின் வழியாக அரசு நிதியுதவி உண்டு. அவரிடமே அதற்கான கடிதம் கேளுங்கள்.

சென்னை என்று முடிவானால் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். விமானத்தில்தான் வீடு திரும்பியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். வாயுவா எண்ணெயா என்று முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். எண்ணெய் வைத்தாலும் இரண்டு மூன்று வாரம் அங்கே தங்குங்கள். கிளம்பும்போது என்ன செய்தார்கள், என்ன வைத்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்களின் நகலும் உங்களுக்குச் சேர வேண்டியது.

பார்வை எவ்வளவு திரும்பும்? விழித்திரை ஒட்டுவது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நடக்கிறது. பார்வை தேறுவது அதைவிடக் குறைவு, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அல்லது சற்று மேல். ஒட்டிய மேக்குலாவுக்கு ரத்த ஓட்டம் மிச்சமிருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. விடைத்தாள் திருத்தும் அளவுக்கு இடது கண் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நடமாட, ஆளை அடையாளம் காண வந்தால் நல்ல பலன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் உள்ளதும் போய், பின்னால் வலியும் சேரும் ஆபத்து இருக்கிறது.

காவடி இந்த வருடம் வேண்டாம், ஐயா. பாரம் தூக்குவது, குனிந்து எழுவது, கூட்டத்தில் கண்ணில் விபூதியோ தண்ணீரோ படுவது, அலகு குத்திய இடத்தில் கிருமி, எதுவும் அறுவையான ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குள் ஆகாது. பத்து நாள் சைவ விரதம் தாராளமாக இருங்கள்; இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைச் சாப்பாட்டைத் தள்ளுவதுதான் கூடாது. பால்குடத்தை மகன் எடுக்கட்டும், டாக்டர் சம்மதித்தால் நீங்கள் பின்னால் நடந்து போங்கள்.

வலது கண்

இப்போது அந்த ஒரு வரி. வலது கண்ணில் பார்வை 6/9 (முழுப் பார்வைக்குச் சற்றே குறைவு), புதுக் குழாய்கள் தெரிகின்றன என்று ரிப்போர்ட்டில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடது கண்ணும் இப்படி ஒரு கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருக்கும்; அப்போது காட்டியிருந்தால் லேசரோடு போயிருக்கலாம். குற்றம் சொல்லவில்லை. வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள நாடு இது. வலி இல்லாத கண்ணைக் காட்ட யாருக்குத்தான் தோன்றுகிறது?

ஆனால் நீங்கள் கேட்ட லேசர் பொருத்தமாகிற கண் இதுதான். பலமான புதுக் குழாய்கள் உள்ள கண்ணில் லேசர் பெரும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது 1976-லேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வில் நிரூபணமானது. இரண்டு மூன்று தடவையாக ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள் போடுவார்கள். சுருக் சுருக்கென்று இருக்கும். பிறகு இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் மங்கலாம். லேசருக்குப் பதிலாக மாதாமாதம் ஊசி போடும் வழியும் இருக்கிறது, பலனும் நல்லதுதான். ஆனால் இடையில் சில மாதம் வராமல் விட்டால் குழாய்கள் முன்னிலும் மோசமாகத் திரும்பும். கோவிடுக்கு முன்பு கடைசியாகக் கண் காட்டியவருக்கு நான் ஊசியை மட்டும் நம்பிச் சிபாரிசு செய்ய மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மோக்காவில் கண் மருத்துவமனைக்குப் பாரதியார் பெயரை வைத்த நாட்டில் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. இடது கண் அறுவைத் தேதிக்காகக் காத்திருக்காமல், சென்னைப் பேச்சு முடியட்டும் என்றும் காத்திருக்காமல், இந்த வாரமே வலது கண் லேசருக்கு நாள் வாங்குங்கள். அன்று கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. வண்டி ஓட்ட வேண்டாம். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.